பச்சை மை

பால்பேணித் தகரத்துக்குள் மெழுகுதிரித் துண்டுகள் உருகிக்கொண்டிருந்தபோது யோகலிங்கம் அண்ணை படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். நான் அடுப்பை விட்டு எழும்பவில்லை. எழும்பினால் மெழுகு புகைந்து மஞ்சளாகிவிடும். இரண்டு கிழமையாக அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று காட்டவும் விருப்பமில்லை.

எங்கள் உடையார்கட்டு ஊரில், யேசு பிறந்த நத்தாருக்கு வாழ்த்து அட்டை செய்வது நான் ஒருத்திதான். கடையில் மெழுகுதிரி கிடையாது. மாதா கோயிலில் எரிந்து மிஞ்சியதைக் கேட்டு வாங்குவேன். மாதா படம் கீறிய அட்டையில் மெழுகை மூன்று தரம் ஊற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிவைக்க வேண்டும். விறைத்ததும் வளைத்தால் வெடிக்கும். வெடிப்புகளுக்குள் மையைத் தேய்த்து மேலே துடைத்தால், உடைந்த கண்ணாடிக்குக் கீழே மாதா நிற்பது போலிருக்கும்.

ஊற்றுவது நான், உடைப்பது என் மனிசன் மெல்ரொன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். நான் பயந்து பயந்து வளைப்பேன், ஒரு கோடுதான் விழும். அவர் இரண்டு பெருவிரலையும் நடுவில் வைத்து ஒரே அமத்து. போன மாசியில், இங்கிருந்து வெளியே போக விடும் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வேலைக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. இந்த மார்கழியில் யோகலிங்கம் அண்ணை வவுனியா போகும்போது, ஊற்றிய அட்டையொன்றை உடைக்காமல் மெல்ரொனுக்கென்று கொடுத்துவிட்டேன். கடிதம் வைக்கவில்லை. வந்து உடை என்பது அவருக்கு விளங்கும்.

"தங்கச்சி, தேத்தண்ணி கிடைக்குமோ, இல்லாட்டி அந்த மெழுகைத்தான் குடிக்கிறதோ?"

"குடியுங்கோ அண்ணை. திரியும் தாறன்."

சிரித்தார். ஆனால் கதிரையில் இருக்கவில்லை. பையிலிருந்து என் அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஆளைச் சந்திக்கேல்லை. அந்த வீட்டில இப்ப வேற ஆக்கள் இருக்கினம்."

"உடைஞ்சிருக்கு."

"அது... சோதிக்கிற இடத்தில ஆமிக்காரர் வளைச்சுப் பாத்தவங்கள். உள்ளுக்கு ஏதும் ஒளிச்சிருக்கோ எண்டு."

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடுவிலிருந்து நாலு மூலைக்கும் மெல்லிய வெடிப்புகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சை மை. மேலே சுத்தமாகத் துடைத்திருந்தது. என்னிடம் இருப்பது நீல மை. சோதிக்கிறவன் உடைப்பான். மை தேய்த்துத் துடைத்துத் தரமாட்டான்.

"சுகமா இருக்கிறாரோ?"

யோகலிங்கம் அண்ணை பேணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம். நல்லா உடம்பு வைச்சிட்டார்."

ஆர் சமைத்துப் போடுவது என்று நான் கேட்கவில்லை. தேத்தண்ணியும் ஊற்றவில்லை. அவர் சைக்கிளை எடுத்தார். படலையைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

மெழுகு புகைந்து மஞ்சளாகியிருந்தது. பேணியைத் துணியால் பிடித்துத் தூக்கி அந்த அட்டையின் மேல் ஊற்றினேன். வெடிப்புகள் மூடிக்கொண்டன. ஆறவிட்டுப் பையில் சுற்றி வாளிக்குள் அமுக்கினேன். தண்ணீர் தெளிந்ததும், மஞ்சளுக்குக் கீழே பச்சைக் கோடுகள் அப்படியே தெரிந்தன. விறைக்கட்டும், இந்தமுறை நானே உடைக்கிறேன் என்று பக்கத்தில் குந்தியிருந்தேன். இரண்டு பெருவிரல்களிலும் மெழுகு காய்ந்திருந்தது.