இரும்புப் பெட்டியின் இரைச்சல்

கைவிடப்பட்டுக் கிடந்த இறால் பண்ணையில் சோலர் போடப் போகிறார்கள் என்ற கதை ஊருக்குள் வந்த நாளிலிருந்து றைஸாவுக்கு ஒரே யோசனை. வெயிலைக் குடித்துக் கரண்ட் ஆக்குகிற தகடு எப்படிச் சத்தம் போடும்? ஊரோ சத்தத்தைப் பற்றித்தான் கதைத்தது. கோழி அடைகாக்காது என்றார்கள். களப்பு மீன் கரைக்கு வராது என்றார்கள். சூடு கண்ட பூனைகள் அவர்கள். பண்ணை நடந்த காலத்தில் ஜெனரேட்டர் விடிய விடிய உறுமி ஒருவரையும் கண்மூட விட்டதில்லை.

"நம்மட அலுமாரியிலயும் கண்ணாடி ஈக்கிது. அது சத்தமா போடுது?" என்று கேட்டுவிட்டு, அவளுடைய புருஷன் நூர்தீன் த்ரீவீலரைத் துடைக்கப் போய்விட்டான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கம்பனியின் பெரியவர் ஒருவர் வந்து, ஒரு சத்தமும் வராது, ஊர் இப்போது இருப்பது போலவே இருக்கும் என்று உறுதி சொன்னார். சனம் கொஞ்சம் ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்தது. அப்போதுதான் பின்வரிசையில் அல்பொன்சா எழுந்தாள்.

அல்பொன்சாவின் வீடு பண்ணையின் வரம்போடு ஒட்டியது. சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து புருஷனோடு வந்து குடியேறியவள். அவன் கண்டக்குழியில் கடல் தொழிலுக்குப் போகிறான். வந்து இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை.

"பெரிய சத்தத்தைப் பத்தி நான் கேக்கேல்லை. நிக்காமல் இரையிற சின்னச் சத்தம் ஏதும் வருமோ?"

பெரியவர் இல்லை என்று தலையாட்டத் தொடங்கினார். பக்கத்திலிருந்த மதுசா என்ற எஞ்சினியர் பிள்ளை அதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டாள். கரண்டை மாற்றுகிற இரும்புப் பெட்டி ஒன்று வரும், வெயில் உள்ள மட்டும் அது இரையும், பொழுதுபட்டால் அடங்கிவிடும் என்றாள். உடப்பு ஊருக்கு அங்கால் தங்களுடைய சின்னச் சோலர் பண்ணை ஒன்று இருக்கிறது, விரும்பியவர்கள் வந்து கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

சத்தம் கேட்க ஒரு பயணமா என்று சனம் சிரித்தது. றைஸா சிரிக்கவில்லை. பெரிய சத்தத்துக்குப் பயப்படாத மனுஷி சின்னச் சத்தத்துக்கு ஏன் பயப்படுகிறாள் என்பது அவள் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. த்ரீவீலரில் கூட்டிப்போக நூர்தீனை நச்சரித்துச் சம்மதிக்க வைத்து, வருகிற சனிக்கிழமை போவோமா என்று அல்பொன்சாவின் வேலிப் படலையில் போய்க் கேட்டாள். அல்பொன்சா கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வரிசை வரிசையாகத் தகடுகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. றைஸா ஒன்றின் விளிம்பில் காதை வைத்து, சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. மதுசா அவர்களை வேலியோரமாகக் கூட்டிப்போனாள். அங்கே நின்ற பெட்டி, கூடு கலைந்த தேனீக்களைப் போல இரைந்துகொண்டிருந்தது.

றைஸாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இதற்காகவா என்று கேட்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அல்பொன்சா பெட்டியைப் பார்க்கவில்லை. வெளிறிப்போன முகத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அல்பொன்சாக்கா, மேல என்ன ஈக்கிது?"

"ஒண்டுமில்லை." அவள் நிழலில் போய்க் குந்தினாள். "வன்னியில ஆளில்லாத பிளேன் ஒண்டு மேல சுத்தும். கண்ணுக்குத் தெரியாது, இந்தச் சத்தம் மட்டும்தான். வண்டு எண்டு சொல்லுவம். வண்டு வந்திட்டுப் போனா, பிறகு செல் குண்டு விழும்."

றைஸாவும் பக்கத்தில் குந்தினாள். அந்த நேரம் பார்த்து முகில் ஒன்று வெயிலை மறைத்தது. பெட்டியின் இரைச்சல் மெல்லத் தாழ்ந்தது. முகில் விலகியதும் மறுபடி எழுந்தது. அல்பொன்சா தலையை நிமிர்த்தினாள். எழுந்து, பயந்து பயந்து பெட்டிக்குக் கிட்டப் போனாள். அடுத்த முகிலுக்காகக் காத்து நின்றாள். அது வந்தபோதும் அப்படியே நடந்தது.

"வண்டு முகிலுக்கு அடங்கினதில்லை," என்றாள். "இது வேற சாமான்தான். எனக்கு விளங்குது. ஆனா வீட்டில இருந்து கேக்கேக்க நெஞ்சுக்கு விளங்குமோ தெரியாது."

மதுசா அல்பொன்சாவின் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். பதிலைக் கேட்டதும் மதுசாவின் முகம் மாறியது. வீதிக் கரண்ட் கம்பத்துக்குக் கிட்ட என்பதால் பெட்டிக்குக் குறித்திருந்த இடம் அதே வரம்புதான். கடற்கரை மூலைக்கு மாற்றலாம், ஆனால் வயர் கூடுதலாகச் செலவாகும், பெரியவர் விடமாட்டார் என்றாள்.

அடுத்த கூட்டத்தில் றைஸா எழுந்து நின்றாள். வண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது அவளுடைய கதை அல்ல. தான் நேரில் போய்க் காதால் கேட்டதாகவும், அந்தப் பெட்டி வீட்டு வரம்பில் நிற்கக்கூடாதென்றும் மட்டும் சொன்னாள். முதல் கூட்டத்தில் சிரித்தவர்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பெரியவர் வயர்க் கணக்குச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. பெட்டி கடற்கரை மூலைக்குப் போனது.

வேலை தொடங்கியபோதுதான் எல்லாரும் விசாரிக்க மறந்த சத்தம் வந்தது. இரும்புத் தூண்களை நிலத்தில் அடித்து இறக்குகிற சத்தம். வாரக்கணக்கில் ஊரே காதைப் பொத்திக்கொண்டு கம்பனியைத் திட்டியது. அல்பொன்சா மட்டும் முற்றத்தில் சாவகாசமாகக் கருவாடு காயப்போட்டாள்.

கரண்ட் ஓடத் தொடங்கிய பிறகு வீடுகளில் ஒன்றும் கேட்கவில்லை. கடல் பக்கமிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் மட்டும் வரம்போரத்துக்கு நூல் போல ஓர் இரைச்சல் வரும். றைஸாவின் காதுக்கு எட்டாது. அல்பொன்சாவுக்குக் கேட்கும். அப்படியான நாட்களில் அவள் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ் சத்தம் ஓயாத வீதியோரம் இருக்கிற றைஸாவின் வீட்டுக்கு வந்துவிடுவாள். றைஸா சோறு போடுவாள். இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள்.