எட்டுச் சொட்டு சென்ட்

சென்ட் பூசிய ஆண்மகனால் உலகத்தில் இதுவரை ஒரு நாடும் காப்பாற்றப்பட்டதில்லை. 1952 டிசம்பரில், மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டில் துப்பாக்கியும் தோளுமாக நின்று என் பெரியம்மா மகன் ஜூலியஸ் இதை அறிவித்தான். அவன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காட்டுக்குள் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகள் சோப்பு வாசனையை அரை மைலிலேயே பிடித்துவிடுவார்கள் என்றும், ஆகவே தான் சோப்பைத் தொடுவதே இல்லை என்றும் சொன்னான். அவன் ஒரு நாளும் காட்டுக்குள் போனதில்லை. சோப்பு விஷயம் உண்மை. கேட்டில் சோதனைக்கு வரிசையில் நின்ற எல்லோருமே சாட்சி.

பேச்சுக்குக் காரணம் என் அக்கா முரியலின் கையிலிருந்த சுண்டுவிரல் அளவு போத்தல். அன்று மதியம், கல்லூரி விடுமுறையில் வந்திருந்த என்னையும் கூட்டிக்கொண்டு கோலா சிலாங்கூரில் கிஃபாயத்துல்லா பாய் கடைக்கு நூல்கண்டு வாங்கப் போனபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த சாம்பிள் என்று பாய் சும்மாவே கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களின் நூறு வருடத்துப் பழைய பாணியாம். அத்தர் மாதிரி ஒரேயடியாக ஏறாதாம். உள்ளே இருப்பது எட்டே சொட்டு, பூசும்போது மட்டும் திற என்று எச்சரித்திருந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அக்கா திறக்கவில்லை. மூடியை மட்டும் பதினொரு முறை மோந்தாள்.

அக்காவுக்குப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் தொங்கப்போடும் வேலை. எத்தனை குளித்தாலும் புகையும் புளித்த ரப்பர் பாலும் தலைமுடியை விட்டுப் போகாது. மறுநாள் ஞாயிறு, மாதம் ஒருமுறை பாதிரியார் வந்து வைக்கும் பூசை. அது முடிந்ததும் அசாம் ஜாவாவிலிருந்து பெர்னாட் வாத்தியார் தன் தாயாரோடு அவளைப் பெண் பார்க்க வருகிறார். அந்த ஒரு காலையாவது ரப்பர் வாடை இல்லாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

கேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பேர் ஒட்டாத போத்தல் சும்மா உள்ளே போகாது; கொண்டுவந்தவர் அங்கேயே உபயோகித்துக் காட்ட வேண்டும். போன வாரம் செல்லையா மாமா விளக்கெண்ணெயைக் குடித்துக் காட்டிவிட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

"பூசிக் காட்டு" என்றான் ஜூலியஸ்.

"இன்னிக்கிப் பூசிட்டா நாளைக்கி என்னாத்த பூசுறது, அண்ணே?"

"சட்டம்லா."

ஊரடங்குக்கு அரை மணிதான் இருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சந்தேகம் ஒனக்குத்தான? அப்ப ஒங் கைய நீட்டு."

சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

முதலில் ஆரஞ்சுத் தோலை மூக்கருகே கிள்ளியதுபோல் சுரீரென்றது. அது அடங்கியதும் மல்லிகையா ரோஜாவா என்று சொல்ல முடியாத ஒரு பூ. அதற்கும் அடியில், சந்தனப் பெட்டியைத் திறந்தாற்போல் வேறொன்று. ஒரு வாசனைக்கு அடுத்தடுத்த அத்தியாயங்கள் உண்டென்று கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

வரிசை கலைந்தது. வள்ளியம்மா மோந்துவிட்டுப் போய், மாறிவிட்டதா என்று பார்க்கத் திரும்பி வந்தாள். அதட்ட வந்த மேற்பார்வைக்கார மண்டோர் வீரனும் குனிந்து மோந்தார். மோதிரத்தை முத்தமிடக் கொடுக்கும் கத்தோலிக்க ஆயரைப்போல ஜூலியஸ் கையை நீட்டியபடியே நின்றான். எல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் என்று சொன்னான். கையை மட்டும் துடைக்கவில்லை.

மறுநாள் மீதி ஏழு சொட்டும் அக்காவின் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் போயின. பூசையில் எப்போதும் புகைக்கூடப் பெண்களோடு கடைசி ஜன்னலோரம் நிற்பவள், அன்று முதல் வரிசையில் நின்றாள். பெண் பார்க்க வந்த பெர்னாட் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்னா பூ வச்சிருக்கீங்க?"

"பூ இல்லீங்க, சென்ட். சாம்பிள்தான், தீந்துபோச்சி. நாளைக்கி ஷீட்டு வாடைதான் வரும்."

அவர் தாயார் வாய்விட்டுச் சிரித்தார். தேதி குறிக்க எப்போது வரலாம் என்றும் கேட்டார்.

அவர்கள் போனதும் ஜூலியஸ் வந்தான். காலிப் போத்தலைக் கேட்டில் ஒப்படைக்க வேண்டும் என்றான். அப்படி ஒரு சட்டம் அதுவரை இல்லை. அக்கா சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

நான் பின்னாலேயே போனேன். காவல் கொட்டகைக்குப் பின்புறம் அவன் தன் தண்ணீர்க் குடுவையிலிருந்து போத்தலுக்குள் இரண்டு சொட்டு விட்டான். நன்றாகக் குலுக்கினான். நாலா பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் தடவினான். மிச்சத்தைக் காலருக்குள் கவிழ்த்தான். பிறகு பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு காவலுக்குப் போனான்.