ஈசானிய மூலை அறை

இரும்புலியூரில் ரயில் பாதைக்கு மேற்கே, ஒரே வரைபடத்தை வைத்து இரண்டு பங்களாக்கள் 1931இல் கட்டி முடிக்கப்பட்டன. வளைவு வைத்த போர்ட்டிகோ, சுற்றிலும் வராந்தா, மேலே மங்களூர் ஓடு.

அவற்றில் வடக்குப் பங்களாவை 1989 ஆவணியில் கேசவன் வாங்கினார். தாம்பரம் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவரை வாங்க வைத்தது ஒரு சின்ன அறை. வடகிழக்கு மூலையில், படுக்கையறையை ஒட்டி, உயரத்தில் ஒரு சன்னல். சரிவான தளம், தண்ணீர் போக ஒரு துளை. தோட்டத்துக்குத் திறக்கும் தனிக் கதவு. முன்பு இருந்தவர் அதில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்.

"ஈசானிய மூலை. அபிஷேகத் தண்ணி தானா வெளிய போயிடும். குருக்கள் வந்து போகத் தனி வழி. கட்டின துரைக்கு நம்ம சாஸ்திரம் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைப் பூஜை அறை ஆக்கினார். ஹாலை ஒட்டிய இன்னொரு சின்ன அறையில் குழாய் இழுத்து, கக்கூஸ் பீங்கான் பதித்து, பாத்ரூம் ஆக்கினார்.

அவர் மனைவி கங்கையம்மாளுக்குப் பிடித்தது வராந்தா. கடைக்கு மேலே இரண்டு அறையில், ஆணி வாசனையில் குடித்தனம் நடத்தியவள். இங்கே சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. ஃப்ளாட் கட்டுகிறவர்கள் நல்ல விலை சொல்லிக் கேட்டார்கள். "இந்த மாதிரி பூஜை ரூமை இடிக்கிறதா?" என்று கேசவன் அனுப்பிவிட்டார். அந்த அறை மட்டும் இல்லையென்றால் கொடுத்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று பக்கத்துப் பங்களாவுக்குக் கேக் சாப்பிடப் போனாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற அந்தோணிசாமியின் வீடு. அவர் மனைவி ஞானம்மாளிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள்.

"பெட்ரூம் தாண்டி மூலைல கீது, போ."

கதவைத் திறந்தவள் நின்றுவிட்டாள். அதே உயரத்துச் சன்னல், அதே சரிவு, அதே தோட்டக் கதவு. நடுவில் கமோடு.

"அக்கா, இந்தக் கதவு எதுக்கு?"

"அந்தக் காலத்துல கக்கூஸ் சட்டி எடுக்க வர்றவங்க ஹால் வழியா வரக்கூடாதாம். பாவம் அந்த ஜனம். ஏன், உங்க வூட்லயும் கீதே, அத இன்னா பண்ணீங்க?"

கங்கையம்மாள் சொன்னாள். ஞானம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்காதீங்கக்கா. அவருக்குத் தெரிஞ்சா வீட்டை வித்துடுவாரு."

"நான் வாயே தொறக்க மாட்டேன். எங்க வூட்டு ஆளுக்கும் சொல்ல மாட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தா நிக்காது."

பொங்கலுக்கு அந்தோணிசாமியும் ஞானம்மாளும் வந்தார்கள். அவர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. கேசவன் அறையைத் திறந்து காட்டி, துரையையும் சாஸ்திரத்தையும் சொல்லி முடித்தார். அந்தோணிசாமி சன்னலைப் பார்த்தார். துளையைப் பார்த்தார். கங்கையம்மாள் அவரைக் கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது.

"என்ன சார் சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். இதே ரூம் எங்க வூட்லயும் கீது. வந்து பாருங்க."

நால்வரும் போனார்கள். கேசவன் கமோடை வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கே அந்த ஃப்ளாட்காரனுக்குச் சொல்லி அனுப்பறேன்" என்று திரும்பினார். கங்கையம்மாள் பின்னால் நடந்தாள்.

ஹாலைக் கடக்கும்போது அவர் நின்றார். ஒட்டியிருந்த சின்ன அறையில் மாதா சுரூபம், மெழுகுவத்தி, செவ்வந்தி மாலை.

"இது?"

"எங்க ஜெப ரூம் சார்" என்றார் அந்தோணிசாமி. "உங்க வூட்ல இதுல இன்னா வெச்சிருக்கீங்க?"

கேசவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"குளிக்கிறோம்" என்றாள் கங்கையம்மாள்.

"குளிக்கிறது மட்டும்தானா?" என்றாள் ஞானம்மாள்.

முதலில் வெடித்துச் சிரித்தவர் கேசவன்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அந்தோணிசாமி அவர் முதுகைத் தட்டவேண்டியதாயிற்று. "அஞ்சு மாசமா எங்க சாமி ஒண்ணுமே சொல்லலியே, சார்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எடம் நல்லா காத்தோட்டமா கீதுல்ல, அதான்" என்றார் அந்தோணிசாமி.

கேசவன் வீட்டை விற்கவில்லை. மாசியில் வெள்ளை அடித்தார்கள். பூஜை அறை இருந்த இடத்திலேயே இருந்தது.