அரக்நாய்டு

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே முனீஸ்வரனுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் அடுத்த பஸ் சாயங்காலம்தான். கண்மாய்க்கரை வழியாக மாமனார் வீட்டுக்கு நடந்தான்.

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். மாமியார் ராக்கு போனிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். இளைய மகள் கோகிலாவைப் பார்க்கக் கமுதியிலிருந்து வருகிறார்கள். மனைவியைப் பறிகொடுத்தவனுக்கு அவள் தங்கைமேல் முறை உண்டு. 'எனக்கு அந்த எண்ணம் இல்லை' என்று அவன் வாயால் சொல்லாமல் எவரும் பூ வைக்க மாட்டார்கள். அது ஒன்று. மூத்தவள், அவன் மனைவி ராமலெட்சுமி எதனால் போனாள் என்று கேட்டால், காய்ச்சல். அது இரண்டு.

"தலைத்திவசம் வாரதுக்குள்ள ஒரு நல்லது நடந்துறணும் மாப்ள. விட்டா தள்ளிக்கிட்டே போயிரும்," என்றிருந்தாள்.

சரி என்றிருந்தான். தை மாதத்திலிருந்து எல்லாவற்றுக்கும் சரிதான். உரக்கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னால் சரி. மெஸ்ஸில் சாம்பாரா ரசமா என்று கேட்டாலும் சரி.

மாமனார் தவசி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள. மெலிஞ்சுட்டீக."

"அதெல்லாம் இல்ல மாமா."

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. தண்ணீர் குடிக்கக் கொல்லைப்பக்கம் போனவன் அப்படியே நின்றான். துவைக்கிற கல்லில் கோகிலா உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்கச் சுக்குப் பத்து, காய்ந்து வெடித்திருந்தது.

அந்தப் பத்தை அவனுக்குத் தெரியும். பொங்கலுக்காக ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த ராமலெட்சுமி திடீரெனக் கம்பைப் போட்டுவிட்டு மண்டையைப் பிடித்தாள். அண்ணாந்தே நின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். தலைவலி என்றால் சுக்கை உரசிப் போட்டுத் தூங்க வைப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். போட்டார்கள். தூங்கினாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான். மதுரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபோதும் நெற்றியில் அது இருந்தது. ஒரு நர்ஸ்தான் ஈரப்பஞ்சால் துடைத்தெடுத்தாள்.

"எத்தன நாளா வலிக்குது?"

"வரும், போகும் மச்சான். அம்மா கண்ணேறுன்னு சொல்லுது. பொண்ணு பாக்க வாரதுக்கு முன்னாடியே கண்ணேறு விழுகுற அளவுக்கா நான் அழகா இருக்கேன்?" சிரித்தாள். பத்து கொஞ்சம் உதிர்ந்து மடியில் விழுந்தது. பிறகு கேட்டாள்: "அக்காவுக்கு டாக்டரு என்னமோ பேரு சொன்னாருல்ல, அது என்ன?"

"சப்-அரக்நாய்டு ஹெமரேஜ்."

"விளங்குற மாதிரி சொல்லுங்க."

அந்தப் பெயரின் நடுவில் இருந்த சொல்லை அவன் கல்லூரியிலேயே பார்த்திருந்தான். தாவரவியல் ஆய்வகத்தில், அட்டையில் ஒட்டிய ஒரு காய்ந்த இலை. அதற்கு விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். மதுரையில் டாக்டர் அதே சொல்லைச் சொன்னபோது அந்த இலைதான் கண்முன் வந்தது. ஒரு பைத்தியக்காரத்தனமான நிமிடம். பிறகு ராத்திரிகளில் தூக்கம் வராமல் போனில் அந்தச் சொல்லையே தேடித் தேடிப் படித்திருந்தான்.

"கிரேக்க பாஷையில சிலந்திக்கு அரக்னேன்னு பேரு. அரக்நாய்டுன்னா சிலந்தி மாதிரி, இல்லேன்னா நூலாம்படை மாதிரின்னு அர்த்தம். சில இலையில மெல்லிசா, வெள்ளையா முடி பின்னிக் கிடக்கும், அதுக்கும் அந்தப் பேருதான். ரொம்பப் பழைய காலத்துல கண்ணுக்குள்ள இருக்குற ஒரு சவ்வுக்கு வச்சிருந்தாங்க. பின்னாடி ஹாலந்து டாக்டருங்க மண்டையத் தொறந்து பாத்தாங்க. மூளையச் சுத்தியும் நூலாம்படை மாதிரி ஒரு சவ்வு. அதுக்கும் அதையே வச்சாங்க. இப்ப வெள்ளிக் கிரகத்துல சிலந்தி மாதிரி வெடிச்சுக் கிடக்குற தரைக்கும் அதுதான் பேரு."

இவ்வளவு நீளமாக அவன் பேசி மாதக்கணக்காகியிருந்தது. செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான்.

"நம்மூர்ல வீட்டுக்கொரு முனீஸ்வரன் இருக்க மாதிரி," என்றாள் கோகிலா.

"ம். உங்கக்காவுக்கு அந்தச் சவ்வுக்குக் கீழ ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு."

"எனக்கும் அந்தச் சவ்வு இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு."

அதோடு நிறுத்திக்கொண்டான். டாக்டர் நிறுத்தவில்லை. சில குடும்பங்களில் கூடப் பிறந்தவர்களுக்கும் இப்படி ரத்தக்குழாய் பலவீனமாக இருக்கும், தங்கைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது என்றிருந்தார். கருமாதியன்றே அவன் ராக்குவிடம் சொன்னான். "ஒண்ணு போனது பத்தாதா? குடும்பச் சீக்குன்னு பேரானா இவள எவன் கட்டுவான்? யார்ட்டயும் மூச்சு விட்றாதீக," என்றாள். அன்றைக்கும் சரி என்றான்.

"ஏய், மூஞ்சியக் கழுவுடி! கார் வந்திருச்சு!" உள்ளேயிருந்து ராக்குவின் குரல்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் நாகநாதன்தான் முன்னால் வந்தார். கமுதியில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். "எங்க ஊரு மிளகாயவிட ஒங்க ஊரு வெயிலுக்குல்ல காரம் சாஸ்தி," என்று சட்டையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு மழைக்குப் போய், கண்மாய்த் தண்ணீருக்குப் போய், அவனிடம் வந்து நின்றது.

"தம்பி, தப்பா நெனைக்காதீக. முறை ஒங்களுக்குத்தான்."

"எனக்கு அந்த எண்ணம் இல்லைங்க."

"சந்தோசம். ஆமா, பெரிய புள்ளைக்கு என்னதான் ஆச்சு? சின்ன வயசு."

கதவோரம் நின்ற ராக்கு அவனையே பார்த்தாள். அதே கதவு வழியாகக் கோகிலா காபித் தட்டோடு வந்தாள். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். வகிட்டுக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் படாத ஒரு துளிப் பத்து ஒட்டியிருந்தது.

"மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு," என்றான் முனீஸ்வரன். நாகநாதனைப் பார்த்துத் தொடங்கியவன் கோகிலாவைப் பார்த்து முடித்தான். "கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்னு டாக்டர் சொன்னாரு. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இவளுக்குத் தலைவலி இருக்கு. எடுக்கணும்."

காபியை யாரும் எடுக்கவில்லை. நாகநாதன் துண்டை மடித்தார், பிறகு பிரித்தார்.

"நல்லவேள சொன்னீக," என்றார். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "பாத்துட்டுச் சொல்லிவிடுங்க."

கோழிக்குழம்பு அடுப்பில் இருந்தது. அவர்கள் கை நனைக்காமலே காரில் ஏறினார்கள்.

ராக்கு வாசலுக்கு வந்தாள். "நல்லா இருப்பீகளா நீங்க? அவளப் பொணமாக் குடுத்தீக. இவள வீட்டோட ஒக்கார வச்சிட்டீக. நீங்களே கட்டிக்கிறணும்னு மனசுக்குள்ள இருந்தா மொதல்லயே சொல்லித் தொலைக்கிறது!"

"இல்ல அத்தை."

"பெறகு எதுக்குச் சொன்னீக?"

யோசித்தான். பெரிதாக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "அவ நெத்தியில பத்து இருந்துச்சு," என்றான்.

ராக்கு அங்கேயே வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த தவசி திரும்பாமலே கேட்டார்: "மதுரைக்கு மொத பஸ்ஸு எப்ப மாப்ள?"

மறுநாள் காலை பஸ்ஸில் ராக்கு வரவில்லை. விருந்துக்கென்று வாங்கிய வாழைப்பழச் சீப்பை மட்டும் பையில் வைத்து அனுப்பியிருந்தாள். தவசி பின் சீட்டில் வாய் திறந்து தூங்கினார். கோகிலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கேன்ல அந்த நூலாம்படை தெரியுமா மச்சான்?"

"தெரியாது. ரொம்ப மெல்லிசு."

"பெறகு என்னத்தத்தான் பாப்பாக?"

"ரத்தக்குழாய."

கோகிலா பையைத் திறந்தாள். சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். பஸ் மானாமதுரையைத் தாண்டியபோதும் அது அவன் கையிலேயே இருந்தது.