தேயாத செருப்பு

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவளுக்கு மின்னல் என்று பெயர். வாரத்தின் மற்ற நேரமெல்லாம், விமானப் பயணத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடித் தரும் பிரிவில், வீட்டிலிருந்தே போனில் தொண்டை கிழியப் பேசும் இருபத்திரண்டு பேரில் அவளும் ஒருத்தி. திங்கள் கூட்டத்தை ஆரம்பிக்கும் முன் மேலாளர் ஐஸ்பிரேக்கர் என்று ஒரு கூத்து நடத்துவார். "சிவப்பா ஒரு பொருள்! ஓடுங்க!" என்று கத்துவார். கழுதை வயதான ஆட்களெல்லாம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் ஓடுவார்கள். முதல் ஆளாகத் திரும்பி வருவது எப்போதும் அவள்தான்.

அவள் ஓடுவதே இல்லை. சக்கர நாற்காலியைக் கேமராவில் படாமல் ஒரு முழம் நகர்த்துவாள். மேசைக்கடியில் ஒரு கூடை இருக்கும். அதிலிருந்து ஒரு கிளிப்பையோ கரண்டியையோ எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல் நடித்தபடி திரும்புவாள். மேலாளருக்குக் கற்பனை கொஞ்சம் கம்மி. பதினைந்து சாமான்களை வைத்தே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள்.

சக்கர நாற்காலியை வெட்கப்பட்டு மறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது படிவத்தில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுத்தாள். அதை யாரும் படிக்கவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. முந்தைய அலுவலகத்தில் அவளைப் பார்த்தாலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், கோப்பைத் தப்பாக முடித்தால்கூட "பரவாயில்லைம்மா" என்பார்கள். அந்தப் பரவாயில்லை அவளுக்கு ஆகவே ஆகாது.

அன்றைக்கு ஷிப்ட் பொறுப்பு யாருக்கென்று அறிவிக்க வேண்டிய நாள். போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவர், சிக்னலுக்காக எப்போதும் மாடியில் நின்றே பேசுவதால் மொட்டைமாடி என்று பெயர் வாங்கியவர். "ஏறக்குறைய உங்களுக்குத்தான்" என்று மேலாளர் வெள்ளிக்கிழமையே அவளிடம் சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பு வேண்டுமென்று அவளுக்கு வெறியே இருந்தது.

"இன்னிக்கு வித்தியாசமா ஒண்ணு. உங்க செருப்புலயே ரொம்பத் தேஞ்சதை எடுத்துட்டு வாங்க! ஓடுங்க!" என்றார் மேலாளர்.

கூடையில் செருப்பு இல்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை விஷயம் புரிந்து, தன் பழைய செருப்பைக் கழற்றி நீட்டினாள்.

"பிடி, சீக்கிரம்!"

குதிகால் பக்கம் காகிதமாகத் தேய்ந்த செருப்பு. கையில் வாங்கிவிட்டாள். அப்புறம்தான் சுருக்கென்றது. இவள் நடந்து தேய்த்ததைத் தன்னுடையது என்று காட்டுவதா?

"வேணாம்டி. எடுத்துட்டுப் போ."

"லூசா நீ? இன்னிக்குத்தானே சொல்லப்போறாங்க!"

அவள் குனிந்து தன் காலில் இருந்ததைக் கழற்றிக் கேமரா முன் பிடித்தாள். அடிப்பாகத்தில் கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூட அழியவில்லை.

"மின்னல் ஏமாத்துறாங்கப்பா! அது புதுசு!" என்று மொட்டைமாடி சிரித்தார்.

"ஏழு வருஷச் செருப்பு. நான் நடக்கிறதில்லை" என்றாள். மடிக்கணினியின் திரையைச் சாய்த்து, சக்கரங்கள் தெரியும்படி வைத்தாள். "மூணு வருஷமா உக்காந்த இடத்துல இருந்தே உங்க எல்லாரையும் ஜெயிச்சிருக்கேன். பித்தலாட்டம்தான், ஒத்துக்கிறேன்."

அவளுக்கு மட்டும் மேலாளரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. படித்தாள். காது மடல் சூடேறியது. மைக்கை அணைக்காமல், இருபத்தோரு பேரும் கேட்க உரக்க வாசித்தாள்.

"'கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஷிப்ட் பொறுப்புன்னா ஓடியாடிப் பாக்கணும். உங்களுக்குச் சிரமம். அவருக்கே குடுத்துடலாம்.' எங்க சார் ஓடணும்? எல்லாமே போன்லதானே?"

மேலாளரின் படம் சட்டென்று மறைந்து கறுப்புக் கட்டமானது.

"கேமராவைப் போடுங்க சார். கூட்டத்துல அணைக்கக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்கதான்."

"சார், எனக்குப் பொறுப்பு வேணாம். அவங்களுக்கே விட்டுக் குடுத்துடறேன்" என்றார் மொட்டைமாடி, குரலைத் தாழ்த்தி.

அந்தத் தாழ்ந்த குரல்தான் அவளை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டது.

"யாரும் எனக்கு எதையும் விட்டுக் குடுக்க வேணாம். போட்டின்னா போட்டி. போன மாசம் எத்தனை பெட்டி கண்டுபிடிச்சீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"நான் அறுபத்தேழு. இப்பப் பேசுங்க சார்."

கறுப்புக் கட்டத்தில் மேலாளர் மறுபடி தோன்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சரிம்மா, நீங்க இவ்வளவு ஆசைப்படறீங்க. பொறுப்பை உங்களுக்கே குடுத்துடலாம்."

"ஆசைக்காகக் குடுக்க வேணாம் சார். அறுபத்தேழு பெட்டிக்காகன்னு சொல்லுங்க."

வாசலில் தங்கை அந்தத் தேய்ந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். மின்னல் கேமராவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியே சொன்னார்.