வாரேனுங்க

1

இந்தக் கதை ஒரு காணொளிக் கூட்டத்தில் பிறந்தது. கூட்டத்தில் பிறக்கிற கதை உருப்படாது என்று தெரிந்தும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி இப்படி வந்தது: "தெற்காசிய நாடுகளின் நீடித்த வளர்ச்சிக்கான கூட்டு ஆராய்ச்சி மற்றும் கல்வித் திட்டத்தின் கீழ்..." படித்தால் நானே எழுந்து போய்விடுவேன். அடித்துவிட்டேன்.

அடுத்தது: "நாச்சியம்மாளின் வற்றிய கிணறு..." (வேண்டாம். கிணறு என்றதுமே நீங்கள் கண்ணைத் துடைக்கத் தயாராகிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். மழைத்தண்ணீரைக் கிணற்றில் இறக்கினால் நிலத்தடி நீர் ஏறுமா என்று நான்கு நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து பார்த்தன. கிணத்துக்கடவில் அதற்குத் தன் கிணற்றைக் கொடுத்தவர் நாச்சியம்மாள், தென்னந்தோப்புக்காரர். ஆராய்ச்சி முடியும்வரை தோப்பில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடக் கூடாது என்பது நிபந்தனை. வங்கதேசத்திலிருந்து வந்தவள் தஹ்மினா. நான் மொழிபெயர்ப்பாளர்.

2

தஹ்மினாவை ஒரு பாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. கடல் புகுந்து தண்ணீரில் உப்பேறிய ஊர்க்காரி, இங்கே வந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிணற்றை அளக்கக் கற்றுக்கொடுத்தாள், சீக்கிரமே கொங்குத் தமிழும் பேசினாள். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கிண்டல் செய்திருப்பேன். ஆனால் இருந்தாளே, என்ன செய்ய?

ஊருக்குக் கிளம்பிய அன்று, "போறேனுங்கம்மா" என்றாள். நாச்சியம்மாள் பதறிவிட்டார்.

"போறேன்னு சொல்லக் கூடாது கண்ணு. வாரேன்னு சொல்லோணும்."

"போறதுக்கும் வாரேனுங்களா?"

"போறதுக்குந்தான்."

(இந்த இடத்தில் நாங்கள் மூவரும் சிரித்தோம். கதைக்குத் தேவையில்லைதான். இருக்கட்டும்.)

3

அதற்குப் பிறகு திரும்பி வர அவளுக்கு விசா கிடைக்கவில்லை. போன மாதம் அந்தக் காணொளிக் கூட்டம். நாச்சியம்மாளின் மகன் மனோஜ்குமார் செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவர் ஆங்கிலத்தில், திட்டம் இத்துடன் நிறுத்தப்படுகிறது, அனைவருக்கும் நன்றி என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தஹ்மினா திரையில் வந்தாள். அழுதிருந்தாள்.

"வாரேனுங்கம்மா" என்றாள். இணைப்பு அறுந்துவிட்டது.

நாச்சியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, வாரேன்னு சொல்லிப்போட்டா!"

"அதில்லீங்கக்கா, அந்த சார் இங்கிலீசுல சொன்னது..."

"அதை உடுங்க. அவளே தமிழ்ல சொல்லிப்போட்டா. இதுக்கெதுக்குங்க மொழிபெயர்ப்பு?"

4

மேற்கு ஓரத்து மரங்களில் மட்டைகள் காய்ந்து தொங்குகின்றன. மனோஜ்குமார் போர் லாரிக்குச் சொல்லி வைத்துவிட்டான். அம்மா விடவில்லை: தஹ்மினா வந்து பார்த்துச் சொல்லட்டும்.

"ஏனுங்க, அந்தப் பொண்ணு வராதுன்னு நீங்க சொல்லிப்போடுங்க. மரம் சாகுதுங்க" என்றான்.

எனவே கதைக்கு முடிவுகள்.

அ) சொல்கிறேன். போர் இறங்குகிறது. மரங்கள் பிழைக்கின்றன, நாச்சியம்மாள் என்னோடு பேசுவதில்லை.

ஆ) சொல்லவில்லை. அவர் காத்திருக்கிறார். மரங்கள்...

இ) நல்ல மழை. கிணறு நிரம்புகிறது. (வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். நிரம்புமா என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனை பேர் இத்தனை ஊரிலிருந்து வந்தார்கள்? தெரிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சிக்கே முடிவு இல்லாதபோது கதைக்கு நான் எங்கே போவேன்?)

5

நேற்றுப் போனேன், சொல்லிவிடுவது என்றுதான். நாச்சியம்மாள் கிணற்றுக்குள் டேப்பை இறக்கி அளந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் வருவது நின்றதிலிருந்து அவரேதான் அளக்கிறாராம்.

"அவ வந்து கேட்டாச் சொல்லோணுமில்லீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். "அக்கா" என்று ஆரம்பித்து, "வாரேனுங்க" என்று முடித்தேன். "வாங்க" என்று சிரித்தார்.

லாரி நாளைக் காலை வருகிறது. மகன் வாசலில் அதற்கு வழிகாட்டுவான், அம்மா கிணற்றடியில் மறிப்பார். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் ஏறினால் கிணத்துக்கடவில் இறங்கலாம். நாச்சியம்மாள் தோப்பு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். உங்களில் ஒருவர் போய், தஹ்மினா சொன்ன அந்த 'வாரேனுங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் சொல்லுங்கள். அல்லது சொல்லாமல் திரும்புங்கள். என்னால் முடியவில்லை.

வாரேனுங்க.