ஞாயிறுக்குப் பிறகு ஏன் திங்கள்

1998 ஐப்பசித் துலாமழைக் காலத்தில் ஒரு ஹர்த்தால் நாள். சாலை என்று பேர் பெற்ற கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. திரவியத்தின் அச்சகத்தில் மட்டும் பாதி ஷட்டருக்குள் வேலை நடந்தது. தமிழ் வியாபாரிகள் கேட்டிருந்த நாலாயிரம் காலண்டருக்கான பக்கங்கள் பிளாப்பியில் ஏறி, ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்ததும் பஸ்ஸில் சிவகாசி போயாக வேண்டும்.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவள் ரத்னாபாய். களியக்காவிளைக்காரி, கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள். தங்கியிருக்கும் அட்டக்குளங்கரையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கடைசிப் பக்கத்துக்கான தாளை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரவு ஓடு ஒழுகி, மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

அது ஹோரை அட்டவணை. ஏழு கிழமைக்கும் இருபத்து நாலு மணி நேரத்தில் எந்த மணி எந்தக் கிரகத்துக்கு உரியது என்று சொல்வது. இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சேர்க்கிறார்கள். எழுதிக் கொடுத்த கரமனை நாகேஸ்வரன் மதராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரவியம் தன் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டார். வீட்டுக் காலண்டரில் ராகுகாலம் மட்டும்தான் இருந்தது. வேறொன்று வாங்கக் கடை ஏது.

“அந்தப் பக்கத்தை விட்ருவோமா?” என்றார்.

“இருங்க அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை மட்டும் வாசிக்க முடியுது.”

சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். மறுபடியும் சூரியன். அதே ஏழு பேர் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தார்கள். இருபத்து நாலாவது மணியில் புதன். அதோடு ஞாயிறு முடிந்தது.

புதனுக்கு அடுத்தது யார்? ரத்னாபாயின் விரல் மேலே போனது. சந்திரன். அடுத்த நாள் விடியற்காலை முதல் மணி சந்திரனுக்கு.

திங்கள் என்றால் சந்திரன்தானே.

அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஒரு வீணான தாளைத் திருப்பி, நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனாள். சந்திரனில் தொடங்கி இருபத்து நாலு. அடுத்த மணி செவ்வாய். இன்னும் இருபத்து நாலு. அடுத்தது புதன். பேனா தாளைக் கிழித்துவிடும் போல ஓடியது. வியாழனுக்கு குரு வந்தார், வெள்ளிக்கு சுக்கிரன், பிறகு சனி.

“அண்ணாச்சி, இஞ்ச வாங்க. கிழமைக்கெல்லாம் ஏன் இந்தப் பேருன்னு கண்டுபிடிச்சாச்சு.”

“அட்டவணை என்னாச்சு?”

“அதுதான் இது. விடியும்போ முதல் மணிக்கூறு ஆருக்கோ, அவரு பேருதான் அந்த நாளுக்கு. நாம வெறுதே எண்ணிட்டே போனா மதி, வேற ஒண்ணும் வேண்டாம், கிழமை தன்னால வருது.”

திரவியம் நம்பவில்லை. “தப்பாப் போட்டா சாலை முழுக்க என்னைப் பாத்துச் சிரிப்பாங்க” என்றபடி உட்கார்ந்து, சனிக்கிழமையைத் தானே விரல்விட்டு எண்ணினார். கடைசி மணியில் செவ்வாய். அதற்கு அடுத்தது சூரியன். தொடங்கின ஞாயிறுக்கே வந்துவிட்டது.

தாளை அவள் பக்கம் தள்ளினார். “டைப் அடி, ஏம்மா பாத்துட்டு நிக்கிறே” என்றார்.

ஆறேகாலுக்கு பிளாப்பி பஸ் ஏறியது.

மூன்றாம் நாள் நாகேஸ்வரன் வந்தார். சேதி கேட்டு முகம் வெளுத்து, பையிலிருந்த தன் பழைய பிரதியோடு ஒவ்வொரு கட்டமாக ஒத்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

“யார் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?”

“ஆரும் இல்ல சார். எண்ணிப் பாத்தேன்.”

“இருபது வருஷமா இதைக் காப்பி பண்ணிண்டிருக்கேன். எண்ணணும்னு தோணவே இல்லை” என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஆரம்பிங்கோ. மெதுவா.”

ரத்னாபாய்க்கு மெதுவாகச் சொல்ல வரவில்லை. எண்ணிக்கை புதன்கிழமைக்கு வருவதற்குள் அவரும் அவளோடு சேர்ந்து உரக்க எண்ணத் தொடங்கியிருந்தார்.